வந்தது இரண்டு, போனது இரண்டு

பயந்த மனிதனுக்குப் பொய் சொல்ல நேரம் இருக்காது என்று ஒட்டிலி நெடுநாளாக நம்பியிருந்தாள். வைஸ்கார் காவல் நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே வந்த நம்பிக்கை. வேலையை விட்டு, பேக்கரி மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ரைனர் ஃபைக்ட்னர் என்ற அந்த மனிதன் பேக்கரியின் மூலை மேசையில் எதிரே உட்கார்ந்து, "என் பெண்டாட்டி உயிரோட இருக்காளான்னே தெரியல மேடம்" என்று குரல் உடைந்து சொன்னபோது, அவள் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பயம் ஒட்டிக்கொள்கிற வியாதி. அது மேசையைத் தாண்டி வந்து அவள் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

"ஊருக்கு எப்ப வந்தீங்க?"

"இப்பதான். மதிய ரயில்ல. லின்ஸ்லேர்ந்து நேரா இங்கதான் வர்றேன். பெட்டியைக்கூட ஸ்டேஷன்லயே வெச்சுட்டேன்."

நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். விலை உயர்ந்த கம்பளிச் சட்டை. வெளுத்த இமைகளுக்கு நடுவே கண்கள் சிவந்திருந்தன.

"வர்ற சனிக்கிழமை எங்க கல்யாண நாள், மேடம். பத்தாவது வருஷம். இங்க ஒரு வாரம் பனிச்சறுக்குன்னு இலையுதிர் காலத்துலயே ரூம் போட்டுட்டேன். எந்த நாள் எந்தச் சரிவு, மதியம் எந்தக் குடில்ல சாப்பாடு, எல்லாம் நான்தான் திட்டம் போடுவேன். வருஷா வருஷம் அப்படித்தான். யுடித்துக்கு அதெல்லாம் வராது."

"எனக்கும் வராது சார்" என்றான் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லுட்ஸ். "திட்டம் இல்லாம ஒரு சரிவுல இறங்கினேன். இப்ப முட்டிக்குள்ள இரும்புக்கடையே இருக்கு."

லுட்ஸ் ஒரு காலத்தில் பனிச்சறுக்குப் பயிற்சியாளன். இப்போது ஒட்டிலியின் உதவியாளன். முட்டி போன பிறகு அவனுக்கு வாய் மட்டும் ஓட ஆரம்பித்தது என்று ஊரில் சொல்வார்கள்.

ஒட்டிலி அவனை முறைத்தாள். ரைனர் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் காலையில வேலைக்குப் போறேன்னு போனா. திரும்பி வரல. துணியெல்லாம் அப்படியே இருக்கு. அவளோட சறுக்குப் பலகை மச்சுல இருக்கு. அவ பூட்ஸ் மட்டும்தான் இல்ல. முன்னாடியே வந்து ஏதோ ஏற்பாடு பண்ணலாம்னு இங்க வந்தாளோ, வந்த இடத்துல ஏதாவது..." அவன் முடிக்கவில்லை.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"வயசு வந்த பொம்பள, இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம்ங்கறாங்க. நான் போய்க் கேட்டா இந்த ஊர் விடுதிக்காரங்க வாயைத் திறக்க மாட்டாங்க மேடம். வெளியூர் ஆம்பளை ஒரு பொம்பளையைத் தேடினா யார் சொல்லுவா? ஆனா நீங்க கேட்டா சொல்லுவாங்க."

அது உண்மைதான். அந்த உண்மை ஒட்டிலிக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பள்ளத்தாக்கு முழுக்க அவளுக்குத் திறக்காத கதவு கிடையாது.

அவன் ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தான். மெலிந்த பெண். காற்றில் தலைமுடி பறக்க, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரிப் பெண் கொண்டுவந்து வைத்த சூப்பை ரைனர் பேச்சுக்கு நடுவில் குடித்தான். அதில் மிதந்த பாலாடைக்கட்டி உருண்டைகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சாப்பிட்டான். கிண்ணத்தின் அடியை ரொட்டியால் துடைத்து, அதையும் சாப்பிட்டான். ஒட்டிலி அதைப் பார்த்தாள். பயத்திலும் பசிக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

"பூட்ஸை எடுத்துக்கிட்டுப் பலகையை விட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?" தெருவில் இறங்கியதும் கேட்டாள். மதியம் பெய்த பனி நடைபாதையில் புதுசாகக் கிடந்தது. வானம் மறுபடி வெளுத்திருந்தது.

"பூட்ஸ் காலோட அச்சு. அடுத்தவங்க பூட்ஸ் போட்டா சாயங்காலம் கால் நம்மளது இல்ல. பலகை அப்படியில்ல, வாடகைக்குக் கிடைக்கும்" என்றான் லுட்ஸ். "ஆக, வாடகைக் கடை. நம்ம ஊர்ல பலகை வாடகைக்குக் குடுக்கறது யாரு? உன் சிநேகிதி ஸீட்டா. ஆச்சு, துப்பறிஞ்சாச்சு. காபி சாப்பிடலாமா முதலாளியம்மா?"

"பாவம்டா அந்த ஆளு. எவ்வளவு பயந்து போயிருக்கான், பார்த்தியா?"

"பயத்தைப் பார்த்தேன். சூப்பையும் பார்த்தேன்."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. எங்கப்பா காணாமப்போன அன்னிக்கு எங்கம்மா தண்ணிகூடக் குடிக்கல. அப்புறம் பார்த்தா அவர் சாராயக் கடையில இருந்தார், அது வேற கதை."

அவள் வயிற்றில் உட்கார்ந்திருந்த பயம் ஒரு பக்கம் புரண்டு படுத்த மாதிரி இருந்தது. அது யாருடைய பயம் என்று அப்போது அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஸீட்டாவின் கடையில் மெழுகு வாசனை. சுவர் முழுக்கப் பலகைகள். ஸீட்டா ஒரு பலகையை மடியில் போட்டு அதன் விளிம்பைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி ஒட்டிலி. இந்த வாயாடியையும் கூட்டிட்டு வந்துட்டியா? கதவை மூடுடா, சூடெல்லாம் போகுது."

"ஸீட்டா அத்தைக்கு என்மேல தனிப் பிரியம்" என்றபடி லுட்ஸ் கதவை மூடினான்.

ஒட்டிலி படத்தை நீட்டினாள். ஸீட்டா பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே கண்ணை விலக்கிக்கொண்டு மறுபடி பலகையைத் தீட்டினாள்.

"யாரு தேடறது?"

"வீட்டுக்காரங்க. பதறிப் போயிருக்காங்க."

அரம் இரண்டு தடவை போய் வந்தது. "வேற யாரும் கேட்டா தெரியாதுன்னுருப்பேன். உங்கிட்ட சொல்றதுக்கென்ன. வந்தா. சொந்தமா பூட்ஸ் வெச்சிருந்தா. பலகை கேட்டா. வேற பேர் சொன்னா. அதை விடு, விநோதத்தைக் கேளு. எடை எவ்வளவுன்னு கேட்டேன். எண்பது கிலோன்னாளே!"

லுட்ஸ் படத்தை வாங்கிப் பார்த்தான். "இந்தக் குருவியா? பூட்ஸோட நிறுத்தாலும் அறுபதைத் தாண்டாது."

"கடை வெச்ச நாளா பார்க்கறேன், இங்க வர்ற அத்தனை பேரும் வாசல்லயே பத்து கிலோவைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வருவாங்க. ஆம்பளைங்களும்தான். 'அம்மா, எடையை வெச்சுத்தான் கிளிப்பை முடுக்கணும், விழுந்தா பூட்ஸ் பலகையை விட்டுக் கழண்டுக்கணும், உண்மையைச் சொல்லுங்க'ன்னு கெஞ்சுவேன். இவ என்னடான்னா கூட்டிச் சொல்றா! அவ்வளவு முடுக்கி வெச்சா விழறப்ப கழலாது, கால் ஒடிஞ்சுடும்னேன். 'எண்பதுக்கே வெச்சுடுங்க'ன்னா. சண்டை போடல. கெஞ்சினா. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெச்சுக் குடுத்துட்டேன்."

"காலை ஒடிச்சுக்க ஆசைப்பட்டு வாடகையும் குடுத்துருக்கா" என்றான் லுட்ஸ்.

ஒட்டிலி அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பொய் சொல்கிற பெண்ணாகத் தெரியவில்லை. பேரை மாற்றிச் சொன்னது பயத்தால் இருக்கலாம். எடையை மாற்றிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அப்படியானால்...

"அவ பொய் சொல்லல லுட்ஸ். எண்பதுதான். மீதி எடை அவ முதுகுல இருக்கு."

ஸீட்டாவின் அரம் நின்றது.

"தினமும் முதுகுல பாரத்தோட சறுக்கறவங்க யாரு?" என்று ஒட்டிலி கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் தாத்தா." சொல்லிவிட்டு லுட்ஸ் தானே நிமிர்ந்தான். "காம்ஸ் குடில்! அங்கதான் குளிர்காலத்துல பாதையே கிடையாது. ரொட்டி, உருளைக்கிழங்கு, எல்லாத்தையும் கேபிள் கார் உச்சியிலேர்ந்து முதுகுல கட்டிக்கிட்டு, பின்பக்கச் சரிவுல சறுக்கித்தான் கொண்டுபோகணும். குடில்காரம்மா இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. ஒத்தாசைக்கு ஒரு பொண்ணை வெச்சிருக்காங்கன்னு கேள்வி."

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒட்டிலிக்கு உடம்பே லேசானது. கேபிள் கார் நிலையத்துக்கு நடக்கும்போதே ரைனரைப் போனில் அழைத்தாள். யாரோ ஒருவர் பயத்தை நம்மால் தணிக்க முடியும் என்றால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடக் கூடாது என்பது அவள் சுபாவம்.

"நல்ல சேதியா இருக்கும்போல இருக்கு. காம்ஸ் குடில்ல இருக்காங்கன்னு நினைக்கறேன். நாங்க மேல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றோம். நீங்க தைரியமா இருங்க."

"நன்றி மேடம்" என்றான் ரைனர். "நான் இங்கயே காத்திருக்கேன்."

குரலில் நடுக்கம் சுத்தமாக இல்லை. நிம்மதி வந்தால் நடுக்கம் போய்விடும்தானே என்று நினைத்துக்கொண்டாள். அன்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களை அடுக்கினால் ஒரு சுவரே எழுப்பிவிடலாம்.

*

உச்சியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. எல்லாரும் முன்பக்கச் சரிவுகளில் ஊரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கச் சரிவில் மதியப் பனிக்குமேல் ஒரு கோடுகூட இல்லை. வெளிச்சம் சப்பையாகிப் பள்ளமும் மேடும் ஒன்றுபோல் தெரிந்தன.

"முன்னாடி நீ போ" என்றாள் ஒட்டிலி.

"முட்டி போனவனை முன்னாடி அனுப்பறது என்ன நியாயம் முதலாளியம்மா?"

"வழி தெரிஞ்சவன் நீதானே."

நடக்கத் தொடங்கும் முன்பே பலகையில் நின்றவள் ஒட்டிலி. பனியைக் கண்டு அவள் பயந்ததில்லை. ஆனாலும் அன்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் அவர்களுடைய தடங்கள் மட்டும்தான் பின்னால் கிடந்தன.

குடில் ஒரு மேட்டின் அடியில் பதுங்கியிருந்தது. புகைபோக்கியில் மெல்லிய புகை. கதவைத் தட்டினார்கள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் நின்றது. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு ஒரு விரற்கடை திறந்தது. புகைப்படத்தில் இருந்த முகம். தலையில் துணியும் இடுப்பில் ஏப்ரனும் கட்டியிருந்தாள். கையில் ரொட்டிக் கத்தி.

"குடில் மூடியாச்சு."

"நான் ஒட்டிலி. ஊர்லேர்ந்து வர்றேன். பயப்படாதே யுடித்." மலைமேல் யாரும் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடுவதில்லை. அந்த வழக்கம் இன்று ஒட்டிலிக்கு உதவியது.

தன் பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் கதவை மூடப் பார்த்தாள். லுட்ஸ் பூட்ஸை இடையில் வைத்தான். "அந்தக் காலும் போயிடும் தாயி, கொஞ்சம் பார்த்து."

"யார் அனுப்பினா?"

"உன் புருஷன்" என்றாள் ஒட்டிலி. "மதிய ரயில்ல வந்தார். ரொம்பப் பதறிப் போயிருக்கார். நீ நல்லா இருக்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறார்."

யுடித் கதவை விட்டுவிட்டாள். பின்னால் நகர்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று ஒட்டிலி காத்திருந்தாள். வரவில்லை. கத்தி மட்டும் மேசையில் மெதுவாக, சத்தம் வராமல் வைக்கப்பட்டது. சத்தம் வராமல் பொருள்களை வைக்கப் பழகிய கை அது.

லுட்ஸ் வழக்கம்போல் வாயைத் திறந்தான். "ஆளு நல்லாத்தான் இருக்கார். சூப்பு உள்ள இறங்குது. முகம்கூட நம்ம ஊர்க்காரங்க மாதிரியே கறுத்து, கண்ணைச் சுத்தி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி..."

அவன் நிறுத்தினான். அவன் வாய் பாதியில் நின்று ஒட்டிலி பார்த்ததே இல்லை.

பனிக்கண்ணாடி போட்ட இடம் வெளுத்தும் மற்ற இடம் வெயிலில் கருகியும் இருக்கும் முகம். பேக்கரிப் பெண்ணுக்கு அந்த முகம்தான். ஸீட்டாவுக்கு, தபால்காரருக்கு, பாதிரியாருக்கு, கண்ணாடியில் பார்த்தால் ஒட்டிலிக்கே அந்த முகம்தான். வைஸ்காரில் மார்கழி முதல் பங்குனி வரை மனித முகம் என்றாலே அதுதான். அதனால்தான் அது கண்ணில் படவே இல்லை. லின்ஸிலிருந்து ரயிலில் அப்போதுதான் வந்து இறங்கிய ஒருவனுக்கு அந்த முகம் எப்படி வரும்?

"லின்ஸ்ல ஒரு மாசமா மூடுபனி" என்றாள் யுடித் மெதுவாக. "நான் கிளம்பற வரைக்கும் சூரியனையே பார்க்கல."

"அவன் இங்கதான் இருந்திருக்கான்" என்றாள் ஒட்டிலி. தன் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது. "பல நாளா. வெயில்ல, சரிவுகள்ல."

"திட்டம் போடறதுக்கு." யுடித் சிரித்த மாதிரி இருந்தது. "அவர் எப்பவும் முன்னாடியே தனியா வந்து பார்த்துட்டுப் போவார். போன வருஷமும் அப்படித்தான். கடைசி நாள், பனிச்சரிவு வரும்னு தடுப்புக் கயிறு கட்டின ஒரு சரிவு. 'நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வர்றேன்'னார். போனேன். நடுவுல போறப்ப மேல இருந்து மொத்தப் பனியும் பிச்சுக்கிட்டு வந்துச்சு. எப்படியோ ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கயிறுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டிருந்தார். ஓடி வரல. கூப்பிடல. கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அப்புறம் நான் அசைஞ்சதைப் பார்த்ததும்தான் 'ஐயோ யுடித்'னு கத்தினார்."

யுடித் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"இந்த வருஷமும் ஒரு வாரம் போட்டிருக்கேன்னு சொன்னப்ப எனக்குப் புரிஞ்சுது. ஓடினேன். எங்க போனாலும் தேடுவார். ஆனா அவர் ரூம் போட்டு வெச்ச இதே ஊர்ல தேட மாட்டார்னு நினைச்சேன். பனி கொஞ்சம் இறுகினதும் கணவாயைத் தாண்டி இத்தாலிப் பக்கம் போயிடலாம்னு இருந்தேன். அவர் சனிக்கிழமைதானே வருவார்னு... ஒருநாள் கேபிள் கார்ல எதிர்ப்பக்கம் ஒரு வண்டி கடந்துபோச்சு. அதுல அவர் மாதிரி ஒருத்தர். மனப்பிரமைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவனும் அவளைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் தவறவிட்டிருக்கிறான். கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால், எல்லாரும் நம்புகிற ஒரு முகத்தைத் தேடிப் பேக்கரி மாடிக்கு வந்திருக்கிறான். ஒட்டிலி ஊராரிடம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த நம்பிக்கையை எடுத்து ஒருவனுக்குச் சாவியாகக் கொடுத்திருக்கிறாள். அதுவும் போன் போட்டு.

"முதலாளியம்மா." லுட்ஸ் ஜன்னலருகே நின்றிருந்தான். "நாம வந்த தடத்துல ஒருத்தன் வர்றான்."

மேட்டின் உச்சியில் கறுப்பாக ஒரு சின்ன உருவம். அவசரப்படவில்லை. அங்கங்கே நின்று நிதானமாக இறங்கியது. ஊரில் காத்திருக்கிறேன் என்றவன் அடுத்த கேபிள் காரிலேயே ஏறியிருக்க வேண்டும்.

ஒட்டிலி போனை எடுத்தாள். காவல் நிலையத்தில் அவளுடைய பழைய கூட்டாளி ஃபெர்டல் எடுத்தான். நான்கு வாக்கியத்தில் சொன்னாள். காட்டுவழியாகப் பனி ஸ்கூட்டரில் வரலாம், ஆனால் நேரமாகும் என்றான்.

"மூணு பேரும் கிளம்பிடலாம்" என்றான் லுட்ஸ்.

"மூணு தடத்தைப் பார்த்தா அவன் குடில்ல நிக்க மாட்டான். நேரா நம்ம பின்னாடி வருவான். உன் முட்டியோட, இவ கை கால் நடுக்கத்தோட, காட்டுக்குள்ள எட்டிப் பிடிச்சுடுவான்."

"அப்ப கதவைச் சாத்திட்டு உள்ளயே இருப்போம்."

"மரக் கதவுடா. உடைக்க எவ்வளவு நேரம்? இவளை அவன் கண்ணுல காட்டவே கூடாது." ஒட்டிலி தன் மஞ்சள் கோட்டைக் கழற்றிக்கொண்டே பேசினாள். பேச்சு நின்றால் பயம் பேச ஆரம்பித்துவிடும். "உள்ள வந்தது எத்தனை தடம்? ரெண்டு. நீயும் நானும். இவ காலையில வந்த தடத்தை மதியப் பனி மூடிடுச்சு. இப்ப வெளிய ரெண்டு தடம் போகணும். உயரமா ஒருத்தன், மஞ்சக் கோட்டுல ஒருத்தி. வந்தது ரெண்டு, போனது ரெண்டு. துப்பறியறவங்க பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க, பெண்டாட்டி உள்ள தனியா இருக்கான்னு கணக்குப் போடுவான். கணக்குப் போடற ஆளுடா அவன்."

லுட்ஸுக்கு முகம் வெளுத்தது. "அதுக்கு உள்ள ஒருத்தர் இருக்கணுமே. நான் இருக்கேன்."

"ஏப்ரன் உனக்குப் பொருந்தாது."

"விளையாடாதே."

"நீ எப்பவும் அதானே பண்ணுவ. இன்னிக்கு ஒரு நாள் நான் பண்ணிக்கறேன். அவனைக் கூட்டிட்டு வந்தவ நான். போடா."

யுடித் கோட்டை வாங்கவில்லை. "உன்னை ஏதாவது பண்ணிட்டா?"

"அவனுக்கு வேண்டியது நீதான். நான் வெறும் வழி காட்டினவ." அவளே யுடித்தின் கைகளைக் கோட்டுக்குள் நுழைத்து, சிறு பிள்ளைக்குப் போடுவதுபோல் ஜிப்பை இழுத்துவிட்டாள். அந்தக் கைகளில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

வாசலில் லுட்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நல்லதாக எதுவும் அகப்படவில்லை போலும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினான். மஞ்சள் கோட்டு அவன் பின்னால் காட்டுக்குள் மறைந்தது.

*

தலைத்துணியில் இன்னொருத்தியின் வியர்வை வாசனை. ஒட்டிலி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, ரொட்டி வெட்டத் தொடங்கினாள். போன் ஏப்ரன் பைக்குள் உயிரோடு இருந்தது. 'நீ பேசாதே ஃபெர்டல். கேட்டுக்கிட்டே இரு' என்று சொல்லியிருந்தாள்.

வெளியே பலகைகள் பனியை உரசும் சத்தம் வந்து நின்றது.

பிறகு ஒன்றுமில்லை. தடங்களைப் பார்க்கிறான். அவள் மூச்சைப் பிடித்தாள். ஒருவேளை உள்ளே வராமல் காட்டுப் பக்கம் போய்விட்டால்? இங்கே வராதே என்று உடம்பு கெஞ்சியது. வா, வா என்று மனசு கெஞ்சியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தன.

கிளிப் கழலும் சத்தம். இன்னொன்று. வாசல்படியில் பூட்ஸைத் தட்டினான். இடது கால், வலது கால். பனி உள்ளே வரக் கூடாது என்று பொறுமையாக, மரியாதையாகத் தட்டினான். அதுவரை பிடித்து வைத்திருந்த தைரியமெல்லாம் அந்தத் தட்டலில்தான் ஒட்டிலிக்கு உதிர்ந்தது.

கதவு திறந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"யுடித்."

மென்மையான குரல். பேக்கரியில் உடைந்த குரல் இல்லை. இதுதான் வீட்டுக் குரல் போலும்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமே கண்ணு. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன் நான். நீ இப்படி அவசரப்பட்டு என் திட்டத்தையெல்லாம் கெடுத்துட்ட."

ரொட்டி இன்னொரு துண்டு விழுந்தது. திரும்பக் கூடாது. இன்னும் கொஞ்சம் பேச விட வேண்டும். அவன் பார்வை பிடரியில் ஈரத்துணி மாதிரி விழுந்து கிடந்தது. பத்து வருடம் ஒருத்தி இதைச் சுமந்துகொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள், ரொட்டி வெட்டியிருக்கிறாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்திருக்கிறாள்.

"அழாதே. நான் கோபப்படல. கோட்டை மாட்டு. இன்னும் வெளிச்சம் இருக்கு. குடிலுக்குக் கீழ மேற்கால ஒரு சரிவு இருக்கு, பார்த்து வெச்சிருக்கேன். ரொம்ப அழகு. ஒரு மனுஷன் கால் படாத பனி. கயிறுகூட நான் அவிழ்த்துட்டுத்தான் வந்தேன், நீ பயப்படுவேன்னு." ஒரு அடி நெருங்கினான். "நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன்."

போதும்.

ஒட்டிலி திரும்பினாள்.

அவன் கண்ணில் முதலில் வந்தது பயம் இல்லை. எரிச்சல். சொன்ன சாமானுக்குப் பதில் வேறு சாமான் வந்துவிட்டது என்பதுபோன்ற எரிச்சல். அதைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

"அவ எங்க?"

"உன் கண்ணு முன்னாடியே போயிட்டா. மஞ்சக் கோட்டுல. நீ நின்னு பார்த்திருப்பியே."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். மனசுக்குள் அவன் கணக்குப் போடுவது வெளியே தெரிந்தது.

"என்மேல யார் என்ன நிரூபிக்க முடியும்? பெண்டாட்டியைத் தேடி வந்தேன். சறுக்கப் போலாம்னு கூப்பிட்டேன். அவ்வளவுதானே?"

ஏப்ரன் பைக்குள்ளிருந்து ஃபெர்டலின் குரல் வந்தது. இஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"தடுப்புக் கயிறை அவிழ்த்தேன்னு சொன்னியே தம்பி, அதையும் கேட்டேன். பனிச்சரிவு எச்சரிக்கைக்குக் கட்டின கயிறு அது. ஒட்டிலி, பொண்ணு பத்திரம்! காட்டு முனையிலேயே பார்த்துட்டோம், எங்க இன்னொரு வண்டியில கீழ போறா. லுட்ஸ் கூடவே இருக்கான். பேசவே மாட்டேங்கறான், அவனுக்குத்தான் என்னமோ ஆச்சு."

ரைனர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கதவை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மேலே கேபிள் கார் நின்றுபோயிருக்கும். கீழே போகிற ஒரே வழியில் ஸ்கூட்டர் ஏறி வந்துகொண்டிருந்தது. முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, தாமதமாகும் ரயிலுக்குக் காத்திருக்கிற பயணி மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒட்டிலி கத்தியைக் கீழே வைக்க நினைத்தாள். விரல்கள் விடவில்லை. யுடித் பத்திரம். அது அவள் காதில் தெளிவாக விழுந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை. பயம் யுடித்துடன் கீழே போகாமல், இந்த ஏப்ரனுக்குள்ளேயே தங்கிவிட்டது போலிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் வாசலில் வந்து அடங்கியது. யாரோ கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை.

"ஒட்டிலி! தாழ்ப்பாளை எடு!"

தாழ்ப்பாள் அவன் தோளுக்கு மேலே இருந்தது. அவன் எழவில்லை, நகரவுமில்லை. கால்களை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டான். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் போனாள்.